அம்புகள் சாய்ந்த பக்கம்

அம்புகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். கறுப்புப் பின்னணியில் பொடிப்பொடியாய்ப் பச்சை மணிகள், ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு மெல்லிய மஞ்சள் அம்பு. துடிப்பு வரும்போது அம்புகள் நீள வேண்டும், எல்லாம் நடுவைப் பார்த்துக் குவிய வேண்டும், துடிப்பு முடிந்ததும் சுருங்கி மணிக்குள் போய்விட வேண்டும். இத்தனை மாதமாக அவள் பார்த்தது அதைத்தான். இன்றைக்கும் குவிந்தன, சுருங்கின, ஆனால் முழுசாகச் சுருங்கவில்லை. கொஞ்சம் மிச்சம் வைத்தன. அந்த மிச்சம் எல்லா மணியிலும் ஒரே பக்கமாக, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கமாகச் சாய்ந்து நின்றது.

முதலில் எரிச்சல்தான் வந்தது. பழைய கணினியை நேற்றுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். புதுசு வந்தால் கூடவே புதுத் தலைவலியும் வரும் என்பது தெரிந்த கதைதான். விடுமுறை நாள், கட்டடத்தில் ஈ காக்கை கிடையாது, இந்த ஒரு தட்டை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று வந்தவளுக்கு இது தேவையா? வெளியே உச்சிவெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நுண்ணோக்கி அறைக்கு அதெல்லாம் தெரியாது. மணிகளின் ஒளி தெரிய இருட்டு வேண்டும் என்பதால் ஜன்னலே வைக்காமல், கதவிடுக்கில்கூடக் கறுப்புத் துணி ஒட்டி, பட்டப்பகலிலும் கும்மிருட்டாக வைத்திருந்தார்கள். அந்த இருட்டில் சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசமும், செல்களுக்கு ஊற்றும் ஊட்டநீரின் லேசான இனிப்பு வாசமும், கை துடைக்கும் ஸ்பிரிட்டின் நெடியும் ஒன்றாகத் தேங்கி நின்றன. அதிர்வு படாமல் இருக்கக் காற்றின்மேல் மிதக்கும் மேஜை அவ்வப்போது ‘உஸ்’ என்று பெருமூச்சு விட்டது. மூலையில் கழிவு டிரம்மிலிருந்து பிதுங்கிய மஞ்சள் பை ஏசிக் காற்றில் சரசரத்தது. வாரக் கடைசியில் வண்டி வந்து அந்தப் பையை எரிக்கக் கொண்டுபோகும். விடுமுறை என்று இந்த வாரம் வண்டி வரவில்லை.

அவள் செய்வது ஒரு தினுசான வேலை. இதயத் தசை செல் எவ்வளவு பலத்தோடு துடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், ஆனால் செல்லைத் தராசில் வைக்க முடியாது. அதனால் ஒரு கண்ணாடித் தட்டில் கெட்டித் தயிர் பதத்துக்கு ஒரு ஜெல். ஜெல்லுக்குள் ஒளிரும் மணிகள். ஜெல்லின்மேல் செல்கள். அவை துடிக்கும்போது தாம் உட்கார்ந்திருக்கும் ஜெல்லைப் பிடித்து இழுக்கும், மணிகள் இம்மியளவு நகரும், கேமரா அதைப் பார்க்கும், கணினி அதைப் பலமாகக் கணக்குப் போட்டு அம்புகளாக வரையும். செல்லை யாரும் பார்ப்பதில்லை. அது இழுப்பதை மட்டும்தான் பார்ப்பார்கள்.

கடைசியில் ஜீரோ படம். சோப்புக் கரைசலைச் சில சொட்டு விட்டால் செல்கள் பிடியை விட்டு, சுருண்டு, செத்துப்போகும். இழுக்க ஆளில்லாத ஜெல் தன் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்த இடம் தெரிந்தால்தான் எங்கிருந்து எவ்வளவு இழுத்தது என்று சரியாகச் சொல்ல முடியும். ஜீரோ எடுக்காவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் வீண். ஆய்வகத்தின் தலைவர் அதில் ரொம்பக் கறார். “கொல்லாம அளக்க முடியாது” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர்தான் அவளுடைய கணவர்.

அவள் கைபேசியை எடுத்தாள்.

“ஏங்க, அம்பெல்லாம் ஒரே பக்கமா சாயுதுங்க.”

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தம் நின்றது.

“உன் பக்கமா?”

“ஆமா.”

“அது மேஜை நகர்வும்மா. வேற ஒண்ணுமில்ல. பழைய கம்ப்யூட்டர்ல நான் எழுதி வெச்ச புரோகிராம் தானா கழிச்சிடும். புதுசுல கீழ ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுல டிக் போடு. போட்டுட்டு சட்டுனு ஜீரோ எடுத்துட்டுக் கிளம்பு. நானே வந்து கூட்டிட்டுப் போறேன்.”

டிக் போட்டாள். அம்புகள் சட்டென்று நிமிர்ந்து, ஒழுங்கு மரியாதையாக நடுவைப் பார்த்துக் குவிந்தன. நிம்மதியாக இருந்தது. சோப்புக் கரைசல் புட்டியைக் கையில் எடுத்தபிறகுதான் அது உறைத்தது. சாய்கிறது என்று மட்டும்தான் அவள் சொன்னாள். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இடப்பக்கமா, வலப்பக்கமா என்று கேட்டிருக்கலாம். மேலா கீழா என்று கேட்டிருக்கலாம். உன் பக்கமா என்று ஏன் கேட்டார்?

மனசு கேட்கவில்லை. புட்டியை வைத்துவிட்டு டிக்கை எடுத்தாள். அம்புகள் மறுபடி அவள் பக்கம் சாய்ந்தன.

மேஜையின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். குமிழ் நட்டநடுவில் நின்றது. தட்டைப் பிடித்திருந்த திருகுகள் இறுக்கமாக இருந்தன. செல்களுக்கு வாயு தரும் குழாய் எங்காவது மேஜையைத் தள்ளுகிறதோ என்று எழுந்து வலப்பக்கமாகச் சுற்றிப் போய்க் குனிந்து தடவினாள். குழாய் தொங்கிக்கொண்டிருந்தது, எதையும் தொடவில்லை. நிமிர்ந்து அங்கிருந்தே திரையைப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

அம்புகள் வலப்பக்கம் சாய்ந்திருந்தன.

தன் எடை தரையில் இந்தப் பக்கம் அழுந்துவதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். படித்த படிப்புக்கு அது நல்ல காரணம். காற்றில் மிதக்கும் மேஜைக்குத் தரை அழுந்தினால் என்ன என்று அதே படிப்பு திருப்பிக் கேட்டதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, தாழ்வாரத்தின் வெளிச்சத்தில் கண் கூச, எதிர் அறையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“அத்தை, ஒரு நிமிஷம் வர்றீங்களா?”

அத்தை யாருக்கும் அத்தை இல்லை. செல்களை வளர்த்து, வேளாவேளைக்கு ஊட்டநீர் மாற்றும் பெரியம்மாவை ஆய்வகம் முழுக்க அப்படித்தான் கூப்பிடும். செல்களை அவர் வாண்டுகள் என்பார். வாண்டுகளுக்கு லீவு ஏது என்று புலம்பிக்கொண்டே விடுமுறையிலும் வந்துவிடுவார். இப்போதும் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து, இருட்டில் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

“சும்மா அப்படியே உட்காருங்க. மேஜை சாயுதான்னு பார்க்கணும்.”

“என் எடைக்கு மேஜையா சாயும், கட்டடமே சாயுமே.” அத்தை குலுங்கிச் சிரித்தார். “என்ன இது, மஞ்சக் கோடெல்லாம் வாசலைப் பார்த்து நிக்குது?”

அவள் வாசலில் நின்றிருந்தாள்.

மெதுவாக உள்ளே வந்து அத்தையின் முதுகுக்குப் பின்னால், சுவரோரமாக நடந்தாள். திரையில் அம்புகள் அவளோடு நடந்தன. அவசரம் இல்லை. துடித்து, அடங்கி, அடுத்த துடிப்பில் இன்னும் கொஞ்சம் திரும்பி, தூளியில் கிடக்கும் குழந்தையின் கண்ணைப் போல.

“அடேங்கப்பா, உன்மேல என்னா ஆசை பாரு வாண்டுகளுக்கு” என்றார் அத்தை. “அதான் டாக்டர் நாலாம் நம்பரை உன்னைத் தவிர யாரையும் தொட விடமாட்டேங்கிறாரு.”

அது உண்மை. நாலாம் நம்பர் என்றால் நாலாவது நோயாளியின் செல்கள். தோலில் ஒரு துணுக்கை வெட்டியெடுத்து, மாதக்கணக்கில் மருந்து கொடுத்து, அதைத் தோல் என்பதையே மறக்கவைத்து, பிறகு இதயத் தசையாக மாற்றுவார்கள். நாலாம் நம்பர் பலவீனமான இதயம். இழுக்கத் தெம்பில்லாதது. ஆனால் கணவரின் புது மருந்தை ஊற்றினால் அது இழுத்த இழுப்பு ஆய்வகத்தின் பேரையே தூக்கி நிறுத்தியிருந்தது. அந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்க்கச் சீக்கிரமே அனுமதி வரப்போகிறது. ‘நாலாம் நம்பரை உன் கைக்கு மட்டும்தான் தருவேன், மத்தவங்க கெடுத்துடுவாங்க’ என்று கணவர் சொன்னபோது அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. பிறந்து சில வாரமே இருந்த மகன் சின்னுவை இதே மாதிரி தெம்பில்லாத இதயத்துக்குப் பறிகொடுத்தவள் அவள். இன்னொரு தாய்க்கு அது வரக் கூடாது என்றுதான் தினமும் இந்த இருட்டுக்குள் வந்தாள்.

“அத்தை, நாலாம் நம்பர் எந்த ஆஸ்பத்திரிலேருந்து வந்துது?”

“அது பெட்டில வரல. டாக்டரே கொண்டாந்தாரு. சின்னக் குப்பி, ஆறிடக்கூடாதுன்னு சட்டைக்குள்ள நெஞ்சோட ஒட்டி வெச்சிருந்தாரு. முகமெல்லாம் வீங்கி இருந்துது பாவம், தூக்கமே இல்லபோல. அப்ப நீ வேலையை விட்டுட்டு வீட்ல இருந்தே. உன் பிள்ளை போயி…”

அத்தை நிறுத்திக்கொண்டார். திரையின் வெளிச்சத்தில் அவர் வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு கை மெதுவாக எழுந்து அந்த வாயை மூடியது.

“போயி?” என்றாள் அவள்.

“நான் ஒண்ணும் சொல்லலம்மா. எனக்குத் தெரியாது, சத்தியமா தெரியாது. இப்ப வாய்ல வந்தப்பதான்… நீ டாக்டரையே கேட்டுக்கோ.” நாற்காலி பின்னால் உருண்டு சுவரில் மோதியது. கதவு திறந்து ஒரு பட்டை வெளிச்சம் விழுந்தது, மறைந்தது. தாழ்வாரத்தில் அத்தையின் செருப்புச் சத்தம் ஓட்டமாகக் கேட்டுத் தேய்ந்தது.

அவள் தனியாக நின்றாள்.

தொடையில் ஒரு பிளாஸ்திரி இருந்தது. குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தபோது, கடைசியாக ஒருமுறை முழுசாகப் பார்க்க வேண்டும் என்று அவள் துணியை விலக்கினாள். இடது தொடையின் உள்பக்கம், மடிப்புக்குள், நகத்தளவுக்கு ஒரு பிளாஸ்திரி. என்ன இது என்று கேட்டாள். ஊசி போட்ட இடம் என்றார் கணவர். பரிசோதனைக்குத் துணுக்கு எடுக்கட்டுமா என்று மருத்துவமனையில் கேட்டபோது அவள் கையெடுத்துக் கும்பிட்டிருந்தாள். பட்டதெல்லாம் போதும், இனி அவன்மேல் கத்தி படக்கூடாது, அப்படியே கொடுத்துவிடுங்கள் என்று அழுதிருந்தாள். ‘ஒரு கீறல்கூடப் படலம்மா’ என்று கணவர் அவள் தலையைத் தடவினார். அந்தக் கையை அவள் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மண்ணைத் தள்ளினாள்.

மேஜை பெருமூச்சு விட்டது.

இழுத்தன. விட்டன. இழுத்தன. சாய்ந்த மிச்சம் மட்டும் விடவேயில்லை. எந்தச் செல்லாலும் ஜெல்லை ஒரு பக்கமாக மட்டும் இழுக்க முடியாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. ஒரு பக்கம் எவ்வளவு இழுக்கிறதோ மறுபக்கமும் அவ்வளவு இழுத்தாக வேண்டும். எல்லா அம்பையும் கூட்டினால் ஒன்றும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் மேஜை நகர்ந்திருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுவார்கள். மேஜை நகராமல் மிஞ்சினால் ஒரே ஓர் அர்த்தம்தான். தட்டுக்கு வெளியே உள்ள எதையோ பிடித்து இழுக்கிறது.

ஓடிவிட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் குனிந்தாள். தட்டை மூடியிருந்த சூடான கண்ணாடிக் கூண்டுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். இனிப்பு வாசம் மூக்கில் ஏறியது. இதுவரை ஊட்டநீரின் வாசம் என்றுதான் நினைத்திருந்தாள்.

“சின்னு” என்றாள்.

துடிப்பு நின்றது.

திரையில் ஓர் அம்புகூட அசையவில்லை. விசிறி ஓடியது. வால்வு ஒருமுறை சொடுக்கியது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அதுவும் பிடித்துக்கொண்டிருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு எல்லா அம்பும் ஒன்றாக நீண்டன, நீண்டுகொண்டே போயின, பக்கத்து மணிமேல் ஏறி, திரையின் ஓரத்தைத் தொட்டன. மேஜையில் இறுக்கித் திருகியிருந்த கண்ணாடித் தட்டு, அவள் காதுக்கு நேராக, கிரீச்சிட்டது.

பின்னால் கதவு திறந்தது.

“என்னம்மா, இன்னும் முடிக்கலியா? அத்தை என்னமோ பேயடிச்ச மாதிரி போறாங்க. வணக்கம்கூடச் சொல்லல.” கணவரின் குரல் சாதாரணமாக இருக்க ரொம்பப் பாடுபட்டது. கதவு மூடியது. இருட்டு பழையபடி சேர்ந்துகொண்டது.

அவள் திரும்பவில்லை.

“அவனை அப்படியே குடுத்துடுங்கன்னு சொன்னேன்.”

பின்னால் காலடி நின்றது.

“ஒரு கீறல் படலன்னு சொன்னீங்க.”

“கடுகத்தனை தோல்தாம்மா.” அவர் கையிலிருந்த சாவிக்கொத்து ஒருமுறை கிலுங்கி அடங்கியது. “கேட்டா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்டே. மொத்தமா மண்ணுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல. அவனும் என் பிள்ளைதானே?”

அந்த ஒரு வார்த்தைக்கு அவள் இளகிவிடப் பார்த்தாள். இத்தனைக்குப் பிறகும். அதை நினைத்துத்தான் அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“சரி, எடுத்தீங்க. என் கையில எதுக்குக் குடுத்தீங்க?”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கும் ரொம்ப நாளாக இருந்திருக்க வேண்டும்.

“மொதல்ல நான்தான் பார்த்துட்டு இருந்தேன். சும்மா பேருக்குத் துடிச்சுது. செத்த துடிப்பு. மருந்து ஊத்தினேன், ஒண்ணும் இல்ல. ஒருநாள் நீ எனக்குச் சாப்பாடு கொண்டாந்தே. இந்த வாசல்லதான் வந்து நின்னே. உள்ளகூட வரல.” அவர் தொண்டையைச் செருமினார். “நீ நின்னப்பதான் அது இழுத்துது.”

அடுத்த வாரமே அவர் அவளை வேலைக்குக் கூப்பிட்டார். வீட்டிலேயே முடங்கிக் கிடந்தால் எப்படி, வேலையில் இருந்தால் மனசு மாறும் என்றார். ஊரே அவரை மெச்சியது. இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று அவளுடைய அம்மாவே சொன்னாள்.

“அப்ப அந்த மருந்து?”

“மருந்துல ஒண்ணும் இல்லம்மா.” மெல்லச் சொன்னார். “நீதான்.”

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த மருந்தைக் குழந்தைகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள். அதைக்கூட இப்போது நினைக்க முடியவில்லை. ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை. கேட்டாள்.

“ஜீரோ?”

அவர் சாவிக்கொத்தைப் பைக்குள் போட்டார்.

“தினமும் ஜீரோ நான்தானே எடுத்தேன்? என் கையாலதானே ஊத்தினேன்? பார்த்துட்டுதானே இருந்தீங்க?”

“வேற யார் எடுத்தாலும் கணக்கு ஒத்து வரலம்மா. நீ பக்கத்துல இருந்தாதான்…” அவர் நெருங்கி வந்தார். தோளைத் தொட வந்த கை வழியிலேயே திசை மாறி மேஜைக்குப் போனது. “இங்க பாரு. இது வெறும் செல்லு. அவன் இல்ல. அவன் போயிட்டான். இதோ, இப்பவே காட்டறேன். இழுக்க ஆள் இல்லன்னா ஜெல்லு தானா திரும்பிடும். நீயே பாரு, அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்.”

புட்டியைத் திறந்த சத்தம் கேட்டது. அவள் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்தபோது சொட்டுகள் விழுந்துவிட்டிருந்தன.

வழக்கமாக அந்த இடத்தில் அவள் கண் திரையில் இருக்காது. கைபேசியைப் பார்ப்பாள், கொட்டாவி விடுவாள். இன்றைக்குப் பார்த்தாள். துடிப்பு தடுமாறியது. ஒரு பக்கம் துடித்தது, ஒரு பக்கம் நின்றது. விட்டுவிட்டு வந்தது. குவிந்திருந்த அம்புகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாய்ச் சுருங்கின. செல்கள் பிடியை விட்டுக் கழன்று, மங்கலான நிழல்களாக மேலே மிதந்து போயின.

ஜெல் காலியாக இருந்தது. ஒன்றும் இல்லை. யாரும் இல்லை.

அம்புகள் அவள் பக்கம் சாய்ந்தே இருந்தன.

கணவர் குனிந்து பார்த்தார். இன்னும் சில சொட்டு விட்டார். இன்னும் சில. அம்புகள் நீண்டன.

அப்போதுதான் அவளுக்கு அது விளங்கியது. பழைய கணினி எல்லாவற்றையும் தானாகக் கழித்துக்கொண்டிருந்தது. ஜீரோ படத்தையும். அவள் எடுத்த ஒவ்வொரு ஜீரோ படத்திலும். எடுத்துவிட்டு, தட்டைக் கழற்றி, திரும்பிப் பார்க்காமல், மூலையில்…

மூலையில் ஏதோ தட்டியது.

லேசாக. பிளாஸ்டிக்கில் கண்ணாடி படும் சத்தம். நின்றது. மறுபடி தட்டியது. ஏசிக் காற்று இல்லை. காற்றுக்குத் தாளம் தெரியாது.

அவள் ஓரடி நகர்ந்தாள். பைக்குள் சரசரவென்று மொத்தமும் புரண்டது. அவள் நின்ற பக்கமாகத் தட்டியது. இன்னோர் அடி. புரண்டது. தட்டியது. டிரம்மிலிருந்து வெளியே பிதுங்கியிருந்த மஞ்சள் பை அவளை நோக்கி மெல்ல உப்பியது.

இந்த வாரத்துத் தட்டுகள். இதற்கு முந்தைய வாரத்தது எரிந்துவிட்டது. அதற்கு முந்தையது. அதற்கும் முந்தையது. அத்தனை பையின் வாயையும் அவளேதான் இறுக்கிக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

“கிட்டப் போகாதே” என்றார் கணவர்.

போனாள். மண்டியிட்டாள். கை தானாக விரிந்தது. பையை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். சூடாக இருந்தது. கழிவுப்பை சூடாக இருக்கக் கூடாது. இனிப்பு வாசம் வந்தது. உள்ளே தட்டுகள் ஒவ்வொன்றாய் நகர்ந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அவள் மார்புப் பக்கமாக வந்து ஒட்டிக்கொண்டன.

“மேஜை நகர்வு” என்றார் அவர் இருட்டில். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. கணினியின் சுட்டி ஒருமுறை சொடுக்கி, கட்டத்தில் டிக் விழுந்தது. திரையில் அம்புகள் எல்லாம் சட்டென்று சுருங்கி மணிக்குள் போய்விட்டன. கறுப்புப் பின்னணியில் பச்சை மணிகள் மட்டும், அப்பழுக்கில்லாமல்.

“பாரும்மா. ஜீரோ. பாரேன்.”

அவள் பார்க்கவில்லை. பையின் மெல்லிய பிளாஸ்டிக்கைத் தாண்டி, ரவிக்கையைத் தாண்டி, தோலில் அது தெரிந்தது. நாணயத்தளவு வட்டம் வட்டமாக. ஒன்று. பக்கத்தில் ஒன்று. கீழே இன்னும். எல்லாம் ஒரே நேரத்தில்.

இழுத்தன. விட்டன.

இழுத்தன. விட்டன.

இழுத்தன.